நரம்பு இல்லாத இடம்

“கீழ்த்தாடையில முன்பக்கம்தானே? அங்க நரம்பு கிடையாது. தைரியமா போடலாம்.”

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பல் இம்ப்ளான்ட் பயிற்சி முடித்தவர் அநேகமாக இருக்க மாட்டார். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். கீழ்த்தாடையின் இரு பக்கமும், முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்குச் சற்றுக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாகத் துளை உண்டு. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்தத் துளை வழியாகத்தான் எலும்பை விட்டு வெளியே வருகிறது. அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே இருக்கும் எலும்புக்குத்தான் ‘பத்திரமான பகுதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருபவரை முதல் கேஸை இங்கே போட்டுப் பழகச் சொல்கிறார்கள். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளிக்கும் இதே ஆறுதல்தான்.

இது தவறு. திருத்திக்கொண்டு நகர்ந்துவிடக்கூடிய சின்னத் தவறாகவும் இதை நான் பார்க்கவில்லை. இம்ப்ளான்ட் வைக்கும்போது உயிருக்கே ஆபத்தாகப் போன ரத்தக்கசிவு என்று மருத்துவ இதழ்களில் பதிவானவற்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இந்தப் ‘பத்திரமான’ பகுதியில் நடந்தவை. 1986-லேயே ஜெர்மன் மொழி இதழ் ஒன்றில் இப்படி ஒரு சம்பவம் வெளியாகிவிட்டது: கோரைப்பல் இருந்த இடத்தில் ஒரே ஒரு இம்ப்ளான்ட், நாக்குப் பக்கத்து எலும்பு துளைபட்டு, வாயின் அடித்தளம் முழுக்க ரத்தம். 1990-இல் அமெரிக்க இதழ் ஒன்றிலும் அதே கதை வந்தது. அதன் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு வகுப்பறையில் அந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதற்கு ஒரு நியாயமான தொடக்கம் இருப்பது தெரியும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-இல் தன் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகுகளைப் பொருத்தியது கீழ்த்தாடையில்தான். பல் முழுக்கப் போனவர்களுக்குக் கீழ்த்தாடையின் பின்பகுதி கரைந்து தாழ்ந்துவிடும். கரைந்த எலும்புக்கு அடியிலேயே நரம்பு ஓடும். முன்பகுதியில் மட்டும் உயரமும் கெட்டியும் மிச்சமிருக்கும். ஆகவே அங்கே நான்கைந்து திருகுகளை வைத்து அவற்றின் மேல் ஒரு முழு வரிசைப் பல்லைப் பொருத்தினார்கள். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைந்துகொள்ளும் என்பதை உலகம் 1982 டொரான்டோ மாநாட்டுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டது என்றால், அதற்குச் சான்றாக நின்ற வெற்றிகளில் பெரும்பங்கு இந்த முன்பகுதியில் கிடைத்தவை. 2002-இல் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழே பல்லே இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளான்டும் அதன் மேல் மாட்டும் பல்செட்டும்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டும் போகும் இடம் பெரும்பாலும் கோரைப்பல் பகுதி.

இதெல்லாம் உண்மை, நானும் மதிக்கிறேன். ஆட்டம் காணும் பல்செட்டோடு கஞ்சியும் ரசம் சாதமுமாக வருடங்களை ஓட்டிய ஒரு பாட்டி, இரண்டு இம்ப்ளான்ட் வைத்த பிறகு முறுக்கு கடிப்பதைப் பார்த்த எவரும் இந்தச் சிகிச்சையைக் குறை சொல்ல மாட்டார். என் சண்டை சிகிச்சையோடு இல்லை. எலும்பு நன்றாக இருக்கிறது என்பதை, இடம் பத்திரமாக இருக்கிறது என்று மாற்றிப் படித்துவிட்டோம். திருகு பிடிக்குமா என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை, ஆளுக்கு ஆபத்து வருமா என்ற வேறொரு கேள்விக்கும் பதிலாக எழுதிவிட்டோம். சண்டை அதனோடுதான்.

காய்ந்த கீழ்த்தாடை எலும்பு ஒன்றைக் கையில் எடுங்கள். பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்தவர் எல்லோரும் எடுத்திருப்பார்கள். வெளிப்பக்கம் பார்த்தால் முகவாய் மேடு, வழவழப்பு, இரண்டு பக்கமும் அந்தப் பெயர் பெற்ற துளை. மாணவர்களின் விரல் அங்கே போய் நின்றுவிடும். இப்போது எலும்பைத் திருப்பி நாக்குப் பக்கத்தைப் பாருங்கள். நடுக்கோட்டில், கீழ் விளிம்புக்குச் சற்று மேலே முள் முள்ளாகச் சில மேடுகள் தட்டுப்படும்; நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும் தசை அங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்த முள்மேடுகளை ஒட்டி ஒரு துளை. பல் வரிசை கட்டுவதற்கு வைத்திருக்கும் கம்பிகளில் மிக மெல்லியதை எடுத்து அதில் நுழைத்தால், தடையில்லாமல் சில மில்லிமீட்டர் உள்ளே போகும். கம்பி கையில் வழுக்கிக்கொண்டு போவதை ஒரு முறை உணர்ந்தவருக்கு அது மறக்காது. ஏறத்தாழ எல்லாத் தாடைகளிலும் இந்தத் துளை இருக்கிறது. சிலவற்றில் ஒன்றுக்கு மேல். கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் பகுதிகளின் உட்பக்கமும் இதைவிடச் சிறிய துளைகள் பலருக்கு உண்டு.

உயிருள்ளவரின் தாடையில் அந்தத் துளைக்குள் போவது கம்பி இல்லை, தமனி. நாக்குக்குப் போகும் தமனியின் கிளை ஒன்று நாக்கடியில் முன்னோக்கி வருகிறது. முகத்துக்குப் போகும் தமனியின் கிளை இன்னொன்று முகவாய்க்கு அடியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே வாயின் தளமாக ஒரு தசைத்திரை, தூளி கட்டியதுபோலத் தாடையின் இரு பக்கத்தையும் இணைத்துக்கொண்டு தொங்குகிறது. சிலருக்குக் கீழ்க்கிளை அந்தத் திரையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி, மேல்கிளையின் வேலையையும் தானே செய்யும். இடப்பக்கத்துக் குழாய்களும் வலப்பக்கத்துக் குழாய்களும் நடுவில் கைகோத்திருக்கும். கழுத்தில் நாம் தொட்டு நாடி பார்க்கும் பெருந்தமனி பிரிந்து உண்டாகும் கிளையிலிருந்துதான் இவை எல்லாம் கிளம்புகின்றன. ரத்தம் என்ன அழுத்தத்தில் வரும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே நம் மொழி செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சில் ரத்தக்குழாயும் நரம்புதான். “நரம்புல ஊசி போட்டாங்க”, “கையில நரம்பு கிடைக்கல”, “நரம்பு புடைச்சிருக்கு” என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே சொல்வது ரத்தக்குழாயை. மருத்துவப் புத்தகம் படித்தவருக்கு மட்டும்தான் நரம்பு என்றால் உணர்ச்சி கடத்தும் இழை. ஆகவே, ‘அங்கே நரம்பு கிடையாது’ என்று டாக்டர் சொல்லும்போது, நோயாளியின் காதில் விழுவது ‘அங்கே ரத்தக்குழாய் கிடையாது’ என்பது. டாக்டர் பொய் சொல்லவில்லை. நோயாளி கேட்டுக்கொண்டது உண்மையில்லை. அந்தப் புரிதலோடுதான் அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாலை, ஓபி முடிகிற நேரம். எழுபதை ஒட்டிய ஒரு பெரியவரை அவருடைய மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். காலையில் வேறொரு கிளினிக்கில் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்திருக்கிறார்கள். பெரியவர் தோளில் இருந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எச்சிலை விழுங்க முடியவில்லை. பேச்சு, வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

“மத்தியானம் சாப்பிடறப்பகூட நல்லாத்தான் டாக்டர் இருந்தாங்க. தூங்கி எழுந்து பார்த்தா நாக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. நரம்பு இல்லாத இடம்னுதானே சொன்னாங்க?” என்றார் மகள்.

“ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க.” அவரால் முழுசாகத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. நாக்கின் அடித்தளம் நாவல் பழ நிறத்தில் பளபளவென்று உப்பி, நாக்கை அண்ணத்தோடு ஒட்டித் தள்ளியிருந்தது. முகவாய்க்கு அடியில் தொட்டால் கல்போல இறுக்கம். இம்ப்ளான்ட் வைத்த ஈறில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தையல் அத்தனை சுத்தமாக இருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரைப் படுக்க விடாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, கட்டைவிரலை நாக்கடியில் கொடுத்து எலும்போடு சேர்த்து அழுத்தி, மற்ற விரல்களால் முகவாய்க்கு அடியிலிருந்து மேல்நோக்கித் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். 108 வரும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்க மருத்துவர் அவர் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாய் இறக்கி மூச்சுப் பாதையைக் காப்பாற்றினார். ஸ்கேனில் ஒரு இம்ப்ளான்டின் நுனி எலும்பைத் தாண்டி நாக்குப் பக்கம் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அந்த இம்ப்ளான்டை வைத்தவர் அலட்சியக்காரர் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு தாடைகளையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்திருந்தார். நரம்புத் துளையிலிருந்து தாராளமாகத் தள்ளியே வைத்திருந்தார். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார். சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு.

ட்ரில் ஏன் நாக்குப் பக்கம் வெளியேறுகிறது? எலும்பின் வடிவத்தைப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. நாம் மனதில் வைத்திருப்பது ஒரு நேர்ச்சுவர். உண்மையில் அந்த எலும்பு கீழே போகப் போக முகவாயை நோக்கி முன்னால் சாய்கிறது. செங்குத்தாக இறங்கும் ட்ரில், சாய்ந்த எலும்பின் பின்சுவரை நெருங்கிக்கொண்டே போகும். போதாததற்கு, வாயைப் பெரிதாகத் திறந்ததும் தாடையே சுழன்று கீழும் பின்னும் போய்விடுகிறது. முகத்தை வைத்துத் திசை பார்ப்பவருக்கு எலும்பின் திசை பிடிபடாது. சிலருடைய தாடை இன்னும் மோசம்: மேலும் கீழும் அகலமாக இருந்து நடுவில் இடுப்பு சிறுத்து, உடுக்கைபோல இருக்கும். உடுக்கையின் தலைப்பில் இறங்கும் ட்ரில் இடுப்பில் வெளியே வந்துவிட்டு, கீழே மறுபடியும் எலும்புக்குள் நுழையக்கூடும். வைப்பவருக்கு ஆரம்பத்திலும் முடிவிலும் கெட்டியான எலும்பு தட்டுப்படும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது.

ட்ரில்லின் அளவுக்கோடு இன்னொரு சங்கதி. பல கருவிகளில் 10 மில்லிமீட்டர் என்று குறித்த கோட்டில் நிறுத்தினால், கூர்நுனி அதற்கும் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் போயிருக்கும். குறியில் நுனியின் நீளம் சேராது. பின்பக்கம் நரம்புக்கு மேலே வைக்கும்போது இதையெல்லாம் கணக்குப் போட்டு 2 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி மனப்பாடம் செய்யவைக்கிறோம். முன்பக்கத்துப் பின்சுவருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, ஏனென்றால் அப்படி ஒரு விதியையே நாம் கற்றுக்கொடுக்கவில்லை.

வயதும் பல்லிழப்பும் இதை இன்னும் இறுக்குகின்றன. பல் போன பின் எலும்பு எவ்வளவு கரைகிறது என்பதை இருபத்தைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்த டால்கிரென், கீழ்த்தாடை மேல்தாடையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு உயரத்தை இழக்கிறது என்று 1972-இல் எழுதினார். கரைவது மேல்விளிம்பு. நாக்கடித் தசைகளும் தமனிகளும் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன. விளைவு, இளம் தாடையில் எங்கோ ஆழத்தில் இருந்த குழாய்கள் கிழவரின் தாடையில் ஈறு வரப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. மிகவும் கரைந்த தாடைகளில் அந்த முள்மேடுகள் வரப்பைவிட உயரமாகவே நீட்டிக்கொண்டிருப்பதை நாக்கடியில் விரல் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். இம்ப்ளான்ட் பல்செட் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் இந்த ‘பத்திரமான பகுதி’ மிகவும் குறுகிப் போயிருக்கிறது. அத்தனை மெலிந்த தாடையில் இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே எலும்பு முறிந்த சம்பவங்களும் இதழ்களில் வந்திருக்கின்றன.

நரம்பு கிடையாது என்பதாவது சரியா என்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. துளை வழியாக வெளியே வருவது நரம்பின் ஒரு கிளை. இன்னொரு கிளை எலும்புக்குள்ளேயே முன்பற்களை நோக்கித் தொடர்ந்து போகிறது. நல்ல ஸ்கேனில் அதன் பாதை பலருக்குத் தெரியும். வெளியே வரும் கிளையும்கூடச் சிலருக்கு முதலில் துளையைத் தாண்டி முன்னே போய், கொண்டை ஊசிபோல வளைந்து திரும்பி வந்துதான் வெளியேறும். துளையைப் பார்த்துவிட்டு அதற்கு முன்னால் கோடு போட்டவர், அந்த வளைவின் மேலேயே கோடு போட்டிருக்கலாம்.

இனி எதிர்வாதங்கள். முதலில் வருவது எப்போதும் எண்ணிக்கைதான். “லட்சக்கணக்கில் போடுகிறோம். எத்தனை பேருக்கு இப்படி ஆனது?” மிகக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளினிக்கில் நடப்பதெல்லாம் இதழில் வருவதில்லை. பாதி ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களின் கதை அந்தக் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. தவிர, அரிது என்பதாலேயே ஒன்றைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறோமா? மயக்க ஊசிக்கு ஒவ்வாமை வந்து சாய்ந்துவிடுவதும் அரிதுதான். அதற்கென்று ஒவ்வொரு கிளினிக்கிலும் அவசர மருந்துப் பெட்டி வைக்கச் சொல்லுகிறோம். உதடு மரத்துப்போனால் வாழ்க்கை சங்கடமாகும், டீ குடிக்கும்போது வழியும், சவரம் செய்யும்போது வெட்டுப்படும். அந்தக் கஷ்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அதனால் யாரும் மூச்சுத் திணறிச் சாவதில்லை. சிறிய தீங்குக்கு 2 மில்லிமீட்டர் விதி வைத்துக்கொண்டு, பெரிய தீங்கு இருக்கும் இடத்துக்குப் பத்திரம் என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

“ரத்தம் வந்தால் தெரியாதா? அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாமே” என்பது அடுத்தது. தெரியாமல் போகலாம் என்பதுதான் இங்கே இருக்கிற கொடுமை. அறுபட்ட தமனி சுருங்கித் தசைக்குள் பின்வாங்கிவிடும். போட்ட குழிக்குள் ரத்தம் பொங்காது. இம்ப்ளான்ட் இறுக்கமாக உட்காரும், எல்லாம் சரியாக முடிந்த திருப்தியோடு தைத்து அனுப்புவோம். மரத்துப்போக நாம் போடும் லிக்னோகைனில் 80,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின் கலந்திருக்கிறது. அது குழாய்களை இறுக்கி வைத்திருக்கும். அதன் வேலை அடங்கிய பிறகு, நோயாளி வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், கசிவு தொடங்கக்கூடும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனி அறுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 14 மில்லி ரத்தம் போகும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அரை மணியில் இரண்டு டம்ளர். நாக்கடியில் அந்த அளவை அடக்கிக்கொள்ள இடம் கிடையாது. ரத்தம் நாக்கைத் தூக்கிப் பின்னால் தள்ளும், தொண்டை அடைபடும்.

அந்த நிலையில் வீக்கத்தைக் கீறி ரத்தத்தை வெளியேற்றப் பார்ப்பது பெரிய தவறு. சேர்ந்திருக்கும் ரத்தம்தான் உள்ளிருந்து அழுத்திக் கசிவை ஓரளவு தடுத்துக்கொண்டிருக்கிறது. கீறினால் அதுவும் போய்விடும், அறுந்த நுனியும் கண்ணுக்குக் கிடைக்காது. கழுத்தில் ஒரு பக்கத் தமனியைக் கட்டினாலும் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வரும், நடுவில் கைகோத்திருக்கின்றன என்று சொன்னேனே. உள்ளும் வெளியும் விரலால் அழுத்திப் பிடிப்பது, நிமிர்ந்து உட்காரவைப்பது, மூச்சுக்குழாய்க்கு வழி செய்யக்கூடிய இடத்துக்கு உடனே அனுப்புவது. கிளினிக்கில் செய்யக்கூடியது இவ்வளவுதான். இதைப் பயிற்சியில் எத்தனை பேருக்குச் செய்து காட்டியிருக்கிறோம்?

“என் கைக்குத் தெரியும்” என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. எலும்பைத் தாண்டும்போது ட்ரில் சட்டென்று விடுபடும், அதைக் கை உணரும் என்பார்கள். சுவரைக் குறுக்கே துளைத்தால் அப்படித்தான். சாய்வாக, சுவரை உரசிக்கொண்டே வெளியேறும் ட்ரில்லில் அந்த விடுபடல் எப்போதும் தெரிவதில்லை. ஒரு பக்கம் இன்னமும் கெட்டி எலும்பு உரசிக்கொண்டிருப்பதால் கை ஏமாந்துபோகும். அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த அனுபவசாலிகளில் பலர் ஈறை அகலத் திறந்து எலும்பின் இரு பக்கமும் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். ஈறைத் திறக்காமலே ஒரு சின்ன ஓட்டை போட்டு, தையல் இல்லாமல், அரை மணியில் முடிக்கும் முறை இன்று பரவியிருக்கிறது. பார்த்துப் பழகியவர் உருவாக்கிய நம்பிக்கையை, பார்க்காமல் செய்பவர் கடன் வாங்கிக்கொள்கிறார்.

ஓபிஜி போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஓபிஜி ஒரு நல்ல படம். இரண்டு தாடைகளையும் ஒரே தாளில் காட்டும். ஆனால் அது வளைந்த தாடையை விரித்துத் தட்டையாக்கிய நிழல். உயரம் தெரியும், அதுவும் கருவியைப் பொறுத்து இருபது, முப்பது சதவீதம் வரை பெருத்துத் தெரியும். தடிமன் தெரியவே தெரியாது. நடுப்பகுதியின் மேல் கழுத்தெலும்பின் நிழல் விழுந்து மங்கலாகிவிடும். நாம் பேசிக்கொண்டிருக்கிற இடமும் அதே நடுப்பகுதிதான். உடுக்கையை நேரே முன்னால் நிறுத்தி அதன் நிழலைச் சுவரில் விழவைத்தால் இடுப்பு தெரியும். தாடை என்ற உடுக்கைக்கு இடுப்பு சிறுத்திருப்பது முன்னும் பின்னுமாக. ஓபிஜி நிழல் விழுவது முன்னாலிருந்து பார்க்கிற வாக்கில். அந்த இடுப்பு ஓபிஜியில் விழ வாய்ப்பே கிடையாது.

குறுக்குவெட்டாகப் பார்க்க சிபிசிடி என்ற ஸ்கேன் இருக்கிறது. இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்தவர்கள் 1998-இல் அந்தக் கருவியை அறிமுகம் செய்து எழுதினார்கள். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களில்கூட ஸ்கேன் சென்டர்களில் இருக்கிறது. இம்ப்ளான்ட் வைக்கும் இடத்தைக் குறுக்குவெட்டுப் படத்தால்தான் பார்க்க வேண்டும், அதற்கு சிபிசிடி ஏற்றது என்று அமெரிக்காவின் வாய்க் கதிரியல் அமைப்பு 2012-இல் தெளிவாகச் சொன்னது. ஐரோப்பிய வழிகாட்டல் அவ்வளவு கறாராக இல்லை. கையால் தொட்டும் சாதாரணப் படத்தாலும் எலும்பின் வடிவம் போதிய அளவுக்குத் தெரிந்துவிட்டால் தேவையில்லை, தெரியாவிட்டால் எடு என்கிறது. நான் இரண்டாவதை ஏற்கிறவன். ஆனால் அதில் ‘தெரிந்துவிட்டால்’ என்ற நிபந்தனை இருக்கிறது. முன்பகுதி என்றதுமே அந்த நிபந்தனையைக் கேட்காமல் தாண்டிவிடுகிறோம்.

கதிர்வீச்சு என்று பயமுறுத்துகிறார்கள். தாடையின் முன்பகுதியை மட்டும் எடுக்கும் சிறிய ஸ்கேனில் உடம்புக்குச் சேரும் அளவு, பல கருவிகளில் 0.1 மில்லிசீவர்ட்டுக்கு உள்ளேதான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. செலவு என்கிறார்கள். செலவுதான், சில ஆயிரம் ஆகும். கடன் வாங்கி வருகிறவருக்கு அது கனம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு இம்ப்ளான்டுக்கும் பல்செட்டுக்கும் அவர் பல பத்தாயிரங்களை எண்ணிக் கொடுக்கப் போகிறார். எங்கே போடுகிறோம் என்று பார்ப்பதற்கான பணத்தை மட்டும் மிச்சம் பிடித்துக் கொடுப்பது அவருக்குச் செய்கிற உதவியாகாது.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். சிபிசிடி எலும்பைத்தான் காட்டும். எலும்புக்குள் போகும் துளையும் கால்வாயும் தெரியும். நாக்கடியில் ஓடும் தமனி தெரியாது. அதற்கு விரல் வேண்டும். ட்ரில்லைத் தொடும் முன் ஆள்காட்டி விரலை நாக்கடியில் வைத்து, கட்டைவிரலால் வெளிப்பக்கம் பிடித்து, எலும்பின் தடிமனையும் சாய்வையும் உள்வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் நாக்குப் பக்கத்து ஈறைத் தூக்கி, எலும்பின் முகத்தைக் கண்ணால் பார்த்தே வைக்க வேண்டும். உயரம் குறைவாக இருந்தால் நீளமான இம்ப்ளான்டுக்கு ஆசைப்படக் கூடாது. நடுக்கோட்டில், அந்தத் துளை இருக்கும் இடத்தில், வேறு வழி இருந்தால் வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை நாமாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் விடவும் கூடாது. இதய மருத்துவரிடம் ஒரு போன் பேசினால் போதும்.

‘பத்திரமான பகுதி’ என்ற பெயரையே வகுப்பறையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கிறேன். துளைகளுக்கு நடுப்பட்ட பகுதி என்று சொன்னால் போதும். இடத்தைத்தானே குறிக்க வேண்டும், அதற்கு நற்சான்றிதழ் எதற்கு? தாடை எலும்பை மாணவர் கையில் கொடுக்கும்போது உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, அந்த மெல்லிய கம்பியை அவரையே நுழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நாளைக் காலையே செய்யக்கூடியது. நம் கிளினிக்குகளின் ஒப்புதல் படிவத்தில் ‘உதடு மரத்துப்போக வாய்ப்புண்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், நோயாளிக்கும் கூட வந்திருப்பவருக்கும் வாசித்துக் காட்டும்படி இதையும் சேர்க்க வேண்டும்: ‘வீட்டுக்குப் போன பிறகு நாக்குக்கு அடியில் வீங்கினாலோ, நாக்கு மேலே தூக்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, படுக்க வேண்டாம், காலை வரை காத்திருக்க வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள், பிறகு எனக்குப் போன் செய்யுங்கள்.’ அதன் அடியில் டாக்டரின் சொந்த போன் நம்பர்.